போன பருவத்து மீன்

தாம் வந்த பருவத்து நெல்லைத் தவிர வயலில் முளைக்கும் எதையும் தின்றுவிடும் மீன்கள் அவை. பருவத்துக்குப் பருவம் நெல் மாறும். விதையோடு புது மீன்குஞ்சுகளும் வரும். பழைய மீன்களை அறுவடைக்கு முன்பே பிடித்துத் தீர்த்துவிட வேண்டும்.

அஞ்சம்மாள் ஒன்றை மட்டும் கிணற்றில் விட்டு வைத்திருந்தாள். காய்ச்சலில் இறந்துபோன மகள் ஓவியா சோறு போட்டு வளர்த்த மீன் அது. கிணறு வற்றியபோது, ஒரு மீன்தானே என்று புதிதாக நட்டிருந்த வயலில் கொண்டுபோய் விட்டாள்.

வடக்கு மூலையில் பயிர் வரிசை வரிசையாகக் காணாமல் போனது. பழைய மீனுக்குப் புது நெல்லும் களைதான். கணவன் சிங்காரவேல் வீசிய வலையில் அது சிக்கவே இல்லை.

"உன் கைக்குத்தான் வருது. நீயே புடிச்சிடு புள்ள."

"வேற ஏதாவது பண்ணக் கூடாதாங்க?"

"என்னத்தப் பண்ண? இப்படியே விட்டா வயலே மொட்டையாயிடும். அப்புறம் மூணு பேரும் பச்சத் தண்ணியத்தான் குடிச்சிட்டுக் கெடக்கணும்."

மூன்று பேர் என்று அவன் சொன்னதை இருவருமே திருத்தவில்லை.

பிறகு அவள் வரப்பிலிருந்து இறங்கிக் கையைத் தண்ணீருக்குள் நீட்டினாள். மீன் வந்து விரலை முட்டியது. இரு கைகளாலும் அள்ளிக் கூடையில் போட்டாள். அது துள்ளவில்லை. சோறு விழும் என்பதுபோல வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது.