கடைசி வாய்

வீட்டில் தனியாக இருக்கிறவருக்குப் படபடப்பு வராமல் என்ன செய்யும் என்று தெருவே சொன்னதால், வச்சலா தியான வகுப்பில் சேர்ந்தார். "காபி குடிக்கும்போது காபியை மட்டும் கவனியுங்கள். கடைசிச் சொட்டுவரை கண்ணைத் திறக்காதீர்கள்" என்பது முதல் பாடம். இதைச் சொல்ல ஒரு வகுப்பு, அதற்குச் சீருடையாக வெள்ளைப் புடவை வேறு!

மறுநாள் காலை கதவைத் தாழிட்டு, காபி டம்ளரோடு கூடத்தில் உட்கார்ந்து கண்ணை மூடினார். எச்சில் படாமல் அண்ணாந்து ஊற்றிக்கொள்வதுதான் அவர் வழக்கம். முதல் வாய் கசப்பும் சூடுமாக இறங்கியது. இத்தனை வருஷமாக இந்த ருசியை விட்டுவிட்டோமே என்று வெட்கமாகக்கூட இருந்தது. இரண்டாம் வாய்க்குப் பிறகு எதிர் நாற்காலியில் யாரோ உறிஞ்சுவது கேட்டது. உதடு வைத்து, நிதானமாக, சுகமாக. மூன்றாம் வாய்க்கும் கேட்டது. கண்ணைத் திறக்கத் தைரியம் வரவில்லை.

நல்லவேளை, பக்கத்து வீட்டு எமிலி சன்னலோரம் வந்து நின்றாள். யார் வீட்டுச் சன்னலும் அவளுக்குச் சொந்தச் சன்னல்தான்.

"என்னக்கா, கண்ணைத் தொறந்தா காபி ஆவியாப் போயிடுமா?"

'இங்கே என்னைத் தவிர யாராவது இருக்கிறார்களா, பார்' என்று வச்சலா கேட்க வாயெடுப்பதற்குள், எமிலியின் குரல் தணிந்து மரியாதையாயிற்று.

"ஐயோ, வாங்க. நான் கவனிக்கலைங்க. நீங்க குடிங்க, அப்புறம் வர்றேன்."

செருப்புச் சத்தம் படியிறங்கிப் போனது.

டம்ளரில் ஒரு வாய்தான் மிச்சம். அது தீர்ந்தால் கண்ணைத் திறந்தாக வேண்டும். வச்சலா அண்ணாந்து, டம்ளரை மெல்லச் சாய்த்து, ஒவ்வொரு சொட்டாக நாக்கில் விட்டுக்கொண்டார்.