இவருக்கு மட்டும்

மறுமணம் முடிந்து ஆறு மாதமாகத் தவறாமல் சுகாதார நிலையத்துக்கு நிரோத் ஆணுறை வாங்க வந்துவிடுகிறாள் திலகவதி. நர்ஸ் காந்திமதிக்குப் பொறுக்கவில்லை.

“மொத புருஷன் லாரி ஓட்டினாரு. அப்ப நானே குடுத்தும் வேணாம்னுட்ட. இவரு தறிக்குழிய விட்டு ஏறாத மனுஷன், ஆரணியத் தாண்டினதில்ல. இவருமேல என்னாடி சந்தேகம்?”

“அவருகிட்ட நீட்டினா சந்தேகப்படறேன்னு நெனைப்பாரேன்னு பயந்துகினு இருந்துட்டேன்க்கா.”

“இவரு நெனைக்க மாட்டாரா?”

“இவரு எல்லாம் தெரிஞ்சுதான் தாலி கட்டினாரு.”

“என்னா தெரிஞ்சு?”

வாசலில் சைக்கிளைப் பிடித்தபடி காத்திருந்த கணவனை ஒருமுறை பார்த்துவிட்டுத் திலகவதி குரலைத் தாழ்த்தினாள்.

“அவரு உசுர வாங்கின எய்ட்ஸ் கிருமி என் ரத்தத்துலயும் இருக்குது. இவருக்கு வரக்கூடாதுக்கா.”