மனம் நோகாத செய்தி

"நம்ம குப்பத்துக் குழாயில ஆலைக் கழிவு கலந்திருக்கு. யாரும் குடிக்காதீங்க."

சமுதாய வானொலியில் இன்றும் இதையே சொல்லிவிட்டு ஜெசிந்தா வீடு திரும்பினாள். கணவன் அமலதாஸ் குடம் நிறையக் குழாய்த் தண்ணீர் பிடித்து வைத்திருந்தான்.

"தண்ணி சுத்தமாயிடுச்சுன்னு நீதானே ரேடியோவுல சொன்ன? பாப்பாவும் குடிச்சிட்டா."

அவன் காதுக்குள் பதித்திருந்த கருவி, மனதை நோகடிக்கும் எதையும் இதமாக மாற்றித்தான் கேட்கவிடும். ஊரில் எல்லோருக்கும் அது உண்டு. அறிவிப்பாளர் என்பதால் அவளுக்கு மட்டும் பொருத்தவில்லை.

"அது விஷங்க," என்றாள்.

"ஆமா, நல்ல ருசி."

ஜெசிந்தா குடத்தைத் தூக்கி வாசலில் கவிழ்த்தாள். நேற்றும் இதைத்தான் செய்திருந்தாள்.

"புதுசா பிடிக்கணுமா? சொன்னா செய்யமாட்டேனா," என்று சிரித்தபடி அமலதாஸ் வெறுங்குடத்தோடு குழாயடிக்கு நடந்தான்.