நூறு வருடத்துக்கு அசையாது

பாலம் கட்டிய பொறியாளரின் குடும்பம், அந்தப் பாலம் நிற்கும்வரை அதன் அடியில்தான் குடியிருக்க வேண்டும் என்பது சட்டம். தில்லைநாயகம் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் மனைவி செண்பகவல்லியும் மகள் நிறைமதியும் இன்னும் தூண்களுக்கு நடுவேதான் இருக்கிறார்கள். நிறைமதியைக் கட்டிக்கொள்பவனும் அங்கேயே வந்துவிட வேண்டும். பெண் பார்க்க வந்தவர்கள் தலைக்கு மேல் லாரி போகும் சத்தத்தைக் கேட்டதும் காபியைக்கூடத் தொடாமல் எழுந்து போனார்கள்.

போன மாதம் பக்கத்து ஊர்ப் பாலத்தில் விரிசல் விட்டது. அதை இடித்துவிட்டார்கள். அந்தக் குடும்பம் எல்லோருக்கும் லட்டு கொடுத்துவிட்டு டவுனுக்குக் குடிபோனது.

இன்று இவர்கள் பாலத்தைச் சோதித்த அதிகாரி சிரித்த முகத்தோடு வாசலுக்கு வந்தார்.

"சார் என்னமா கட்டியிருக்காரும்மா! இன்னும் நூறு வருஷத்துக்கு அசையாது."

"ஒரு சின்ன விரிசல்கூட இல்லையா சார்?" என்று கேட்டாள் நிறைமதி.

"மயிரிழை அளவுக்குக்கூட இல்ல."

அவர் போனதும் நிறைமதி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். செண்பகவல்லி கணவரின் படத்துக்கு முன்னால் வந்து நின்றாள்.

"ஊரே கொள்ளையடிச்சுதே. நீங்க ஒரு மூட்டை சிமெண்டாவது திருடியிருக்கக் கூடாதா?"