அத்தானை மறைத்த பூக்கள்

"பூ ஒட்டறதுக்கு என் புருஷன் மேலதான் இடம் கிடைச்சுதா உனக்கு?"

அக்கா கத்தினாள். அம்மாவின் பிறந்தநாளுக்காக, கடந்த மூன்று பிறந்தநாள்களில் எடுத்த குடும்பப் படங்களை அடுக்கிக் கொலாஜ் செய்து, தங்கை இன்ஸ்டாகிராமில் ஸ்டோரி போட்டிருந்தாள். மூன்றிலும் அத்தானின் பாதி உடம்பை ஸ்டிக்கர் பூக்கள் மூடியிருந்தன.

"பாக்கறவங்கல்லாம் என்னைக் கேக்கறாங்க. உனக்கு வேலை வாங்கிக் குடுத்த மனுஷன்டி! நன்றிகெட்டவளே, பூவை எடு!"

"வேணாம்க்கா."

"நீ எடுக்கறியா, நான் எடுக்கட்டுமா?"

தங்கை தன் போனில் கொலாஜைத் திறந்து, பூக்களை ஒவ்வொன்றாக நகர்த்தினாள்.

"நான் அத்தானை மறைக்கலக்கா. அவர் கையைத்தான் மறைச்சேன்."

மூன்று படங்களிலும் அந்தக் கை தங்கையின் இடுப்பைப் பிடித்திருந்தது. மூன்றிலும் அவள் உடம்பைக் குறுக்கிக்கொண்டு, விலக முடியாமல் நின்றிருந்தாள். இத்தனை நாளும் அந்தப் படங்களில் அக்கா தன் முகத்தை மட்டுமே பார்த்திருந்தாள்.

பக்கத்து அறையிலிருந்து அத்தானின் குரல் வந்தது. "என்னம்மா, அந்தத் திமிர் பிடிச்சவ எடுத்துட்டாளா?"

கல்யாணமான ஒன்பது வருடங்களில் அக்கா அவரை மரியாதை இல்லாமல் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"வெளிய வாடா!" என்றாள்.