அளவுகல் குடித்த தண்ணீர்

ஆற்று நீரை அளக்க எல்லையில் நிற்கும் அளவுகல்லை விட்டு ஆறு எங்கோ ஒதுங்கிக் கிடக்கிறது. கல்லில் தண்ணீர் பட்டால்தான் இரு நாட்டுப் பங்கையும் எழுத முடியுமாம். அதிகாரிகள் இருவரும் குடைக்குள் நிற்க, நானும் மச்சினனும் சுடுமணலில் வாய்க்கால் வெட்டுகிறோம். கரைமேல் அவன் நாற்று தண்ணீரின்றிப் பழுத்து நிற்கிறது. "ஐயா, பாத்து முடிச்சதும் நாத்துக்கு ரெண்டு குடம் மொண்டுக்கிறேன்" என்கிறான். "இன்னும் பங்கு பிரிக்காத தண்ணிப்பா, தொடக்கூடாது" என்கிறார் நம் அதிகாரி. எதிர்நாட்டுக்காரரும் தலையாட்டுகிறார். இதில் மட்டும் இருவருக்கும் ஒத்துப்போகிறது. கலங்கல் நீர் நெளிந்து வந்து கல்லின் அடியை நனைக்கிறது. குனிந்து பார்க்கிறார்கள், கைகுலுக்குகிறார்கள், வாய்க்காலை மூடச் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறுகிறார்கள். மூடுகிறோம். "கல்லுக்காவது தாகம் தீந்துச்சே, மாமா" என்று மச்சினன் கல்லடியில் தேங்கியதை மொள்ளக் குடத்தோடு குனிகிறான். அதற்குள் மிச்சத்தையும் மணல் குடித்துவிட்டிருக்கிறது.