பதினொன்றே முக்கால்

“சீச்சீ! இதெல்லாம் ஒரு தையலா?”

அண்ணி அந்தத் துணிக்கட்டத்தை, செத்த பல்லியைத் தூக்குவதுபோல் இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தாள். சிவப்புத் துண்டின் மூலை நீலத் துண்டின் மூலையோடு சேரவே இல்லை.

நாத்தனார், அதாவது அவள் புருஷனின் தங்கை, மெஷின் முன்னால் உட்கார்ந்து எண்ணெயில் வறுத்த கடலையைக் கொறித்துக்கொண்டிருந்தாள். “சேருது அண்ணி. கொஞ்சம் தள்ளிச் சேருது, அவ்வளவுதான்.”

“எண்ணெய்க் கையால துணியைத் தொடாதே! கருமம், கருமம்!”

திங்கட்கிழமை அண்ணியின் மகள் குளிரான ஊருக்குப் படிக்கக் கிளம்புகிறாள். அவளுக்காக ஒட்டுத்துணிப் போர்வை ஒன்றைப் போன வருஷமே ஆசையாகத் தொடங்கியிருந்தாள் அண்ணி. இருபத்துநான்கு கட்டங்களில் பாதி முடிந்த நேரத்தில், வேலை பார்த்த சட்டைக் கம்பெனியில் மெஷின் ஊசி அவள் ஆள்காட்டி விரலில் ஏறி மறுபக்கம் வந்துவிட்டது.

விரல் ஆறிவிட்டது, பயம் ஆறவில்லை. வேலையை விட்டாள், வீட்டு மெஷினையும் மூடி வைத்தாள். எட்டு மாசமாக யாராவது அதை ஓட்டினால்கூட எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவாள்.

“மிச்சம் பன்னெண்டை நான் தைச்சுத் தரேன்” என்று லீவு போட்டுவிட்டு வந்து இறங்கியவள்தான் இந்த நாத்தனார். அதே கம்பெனியில் செக்கிங் வேலை. ஒரு நூல் விலகியிருந்தாலும் சட்டையைத் திருப்பி எறிகிறவள். உபதேசமெல்லாம் ஊருக்குத்தான் போலிருக்கிறது!

அண்ணி டேப்பை எடுத்து அளந்தாள். பன்னிரண்டு இஞ்ச் இருக்க வேண்டிய கட்டம் பதினொன்றே முக்கால். அடுத்ததும் பதினொன்றே முக்கால். பன்னிரண்டும் அப்படியே. வெட்டிய அளவில் ஒரு குறையும் இல்லை, தைத்த இடம்தான் நாசம்.

“இதை நான் தைச்சதோட எப்படிடி சேர்க்கிறது?”

“இழுத்துப் பிடிச்சுத் தைச்சா சேர்ந்துடும் அண்ணி.” நாத்தனார் நூல் முனையை நாக்கில் வைத்து நன்றாக நனைத்து ஊசியில் கோத்தாள்.

“உவ்வே! எச்சில்!”

“போர்த்திக்கிட்டுத் தூங்கத்தானே போறா? இருட்டுல மூலையை யாரு பார்க்கப் போறாங்க?”

அண்ணிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பிளேடை எடுத்து ஒரு தையலை வெட்டி இழுத்தாள். தையல் நீள நீளமாக இருந்ததால் ஒரே இழுப்பில் நூல் முழுசும் கையோடு வந்துவிட்டது.

“தாண்டித் தாண்டித் தைச்சிருக்கே பாரு, சோம்பேறி! நகரு.”

“வேண்டாம் அண்ணி, நானே...”

“நகருடின்னா! இதைப் போர்த்தினா என் பொண்ணுக்குக் குளிர் போகாது, மானம்தான் போகும்.”

சாயங்காலம் புருஷன் வேலையிலிருந்து திரும்பியபோது, உள்ளே மெஷின் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. தங்கையாக இருக்கும் என்று நினைத்து எட்டிப் பார்த்தவர், ஒரு காலில் செருப்போடு அப்படியே நின்றுவிட்டார். அண்ணி, “தூ, இதுவும் கோணல்” என்று திட்டிக்கொண்டே எட்டாவது கட்டத்தைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

தங்கை சமையலறையில், முகத்தைச் சுளித்தபடி கையிலிருந்த எண்ணெயைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“அவளா உட்கார்ந்து தைக்கிறா? டாக்டர், நான், பொண்ணு, எல்லாரும் கெஞ்சிப் பார்த்தோமே! எப்படிம்மா?”

“மெதுவாப் பேசு அண்ணா, எழுந்துடப் போறாங்க. நேராத் தைக்க ஒரு நாள் போதும். பன்னெண்டையும் ஒரே அளவு கோணலாத் தைச்சு முடிக்கிறதுக்குள்ள எனக்கே குமட்டிடுச்சு!”